பதினேழாம் கலவை

ஓகா ஆறு உறைந்து கிடக்கிறது.
புஷ்சினோவில் ஒரு மூன்றாம் மாடி ஜன்னல் மட்டும்
மஞ்சளாக விழித்திருக்கிறது.
ரிம்மா ஸவேல்யெவ்னா
குடுவையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள்.
பால்.
இன்னும் பால்தான்.

அமூர்க் கரையிலிருந்து சாக்கில் வந்த சோயா.
எண்ணெயைப் பிழிந்து, கசடை ஒதுக்கி,
பிறகு எண்ணெயை விட்டுவிட்டு
அந்தக் கசடைத்தான் வைத்துக்கொண்டார்கள்.
வாணலிக்கு ஆகாத பிசின்.
கரண்டியில் எடுத்தால் நூலாக இழுபடும்.
பாஸ்போலிப்பிட் என்று
பென்சிலால் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஒரு தலை, இரண்டு வால்.
தலைக்குத் தண்ணீர் வேண்டும்,
வால்களுக்குத் தண்ணீர் ஆகாது.
எண்ணெயும் தண்ணீரும் சேராதென்று
எப்போதோ தீர்ப்பெழுதி மூடிவிட்ட வழக்கில்
இரண்டு பக்கத்துக்கும் ஆஜராகும் வக்கீல்.
நீரில் விட்டால்
வாலை உள்ளே சுருட்டிக்கொண்டு
தோளோடு தோள் நின்று உருண்டையாகும்.
இதை எழுதும் என் விரலின் செல்களுக்கும்
அதுதான் மதில்,
அதுதான் கதவு.

இயந்திரம் கத்துகிறது.
நான்காம் முறை. ஐந்தாம் முறை.
பனிக்கட்டித் தொட்டியில் குடுவை நடுங்குகிறது.
ஒளியின் அலையைவிட உருண்டை சிறுத்துவிட்டால்
வெளிச்சம் அதில் இடறாமல் போய்விடும்,
அதுதான் கணக்கு.
அளவுக்கருவி நவம்பரிலிருந்து பழுது.
ரிம்மா குடுவைக்குப் பின்னால்
தன் வீட்டு மின்கட்டண ரசீதைப் பிடிக்கிறாள்.

இரண்டே முக்காலுக்குப் பால் மெலிந்தது.
விளிம்பில் ஒரு நீலம்,
விடியுமுன் பனிமேல் தெரிகிற மாதிரி.
ரசீதில் நிலுவைத் தொகை
ஒவ்வொரு இலக்கமாக எழுந்து வந்தது.
தன் கடனைப் படித்து
இவ்வளவு சந்தோஷப்பட்டவள் வேறு யார்?

தாகிர் யாகுபோவின் முயல்கள் பன்னிரண்டு.
சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலைக்
கேரட்டோடு தின்று நூறு நாள் ஆயிற்று.
இரத்தத்தில் ஏறிய கொழுப்பு
ஒன்றுக்கும் குணத்தில் ஏறவில்லை.
காது நரம்பை நீட்டிக் கொடுத்துவிட்டு
அவன் சட்டைப் பொத்தானை மோந்துகொண்டிருக்கும்.

பதினேழாம் கலவை காதுவழி உள்ளே போனது.
ஆறு மணி நேரம் கழித்து
இரத்தம் எடுத்துப் பார்த்தான்.
கொலஸ்ட்ரால் குறையவில்லை.
கூடியிருந்தது.

தாகிர் நோட்டை மூடினான்.
கையுறையைக் கழற்றி எறிந்தது
குப்பைக்கூடையில் விழவில்லை.
"மருந்தா இது? இன்னொரு தீனி."

ரிம்மா கையுறையை எடுத்துக் கூடையில் போட்டாள்.
"வீடு பெருக்கியிருக்கிறாயா, தாகிர்?"
அவன் பேசவில்லை.
"பெருக்கும்போது வாசலில்தான் குப்பை அதிகம்."

அவன் உட்கார்ந்தான். மறுபடி நோட்டைத் திறந்தான்.
வெறுங்கையோடு போன உருண்டைகள்
தமனிச் சுவரில் ஒட்டியிருந்ததை
ஒவ்வொரு பொட்டாகச் சுமந்து
நடு ஓட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம்.
கரைந்தது இனிக் கல்லீரலில் கரைசேர வேண்டும்.
கலாம் என்றுதான் எழுதினான்.
அந்தக் கலாமின் கீழ் இரண்டு கோடு.

ஐந்து வாரம். பத்து ஊசி.
சுவர் சொல்வதைக் கேட்க வேறு வழியில்லை,
சுவரைத் திறக்கத்தான் வேண்டும்.
கொழுப்பு இருந்த இடமெல்லாம் சாயம் சிவப்பாகப் பிடித்தது.
ஊசி போடாத ஆறில்
பெருந்தமனி பாதிக்குமேல் சிவந்திருந்தது.
போட்ட ஆறில் நான்கு வெளிறியிருந்தன.
இரண்டு, அதே சிவப்பு.

ஆறில் நான்கு.
இதை வைத்து எந்த மனிதக் கையிலும்
ஊசி ஏற்ற முடியாது.
இதைத் தூக்கி எறியவும் முடியாது.

கட்டணத்தை அன்று மாலை கட்டிவிட்டு
ரிம்மா பேருந்துக்கு நின்றாள்.
அவள் நெஞ்சில் ஒரு துடிப்பு தவறி, பிறகு
இரட்டையாக விழுந்தது.
வழக்கமானதுதான்.
குளிர்பெட்டியில் பதினேழின் மிச்சம் மூன்று புட்டி.
ஒன்றை எடுக்கலாமா என்று
இதுவரை ஒருமுறைதான் நினைத்திருக்கிறாள்.

மேலே தாகிர் காலிக் கூண்டுகளைக் கழுவுகிறான்.
ஒன்பதாவதில்
பாதி கடித்த கேரட்.
பல் பட்ட இடம் இன்னும் ஈரமாக.